குதிக்கச் சொல்லியிருக்க வேண்டும்

பாண்டி,

உன் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரே ஒரு வீட்டுக்கு உரியது மட்டும் கொடுக்கப்படாமல் கிடந்தது. உன் அம்மா தினமும் கேட்டாள். நானும் வெயில், முழங்கால் வலி, பஸ் வரவில்லை என்று தினம் ஒரு சாக்குச் சொன்னேன். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் பஸ் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நேற்றுக் காலை, "இன்னைக்கு நீங்க போகலைன்னா நான் போறேன்" என்று அவள் செருப்பை மாட்டிவிட்டாள். அவள் போய்விடக் கூடாதே என்றுதான் நான் கிளம்பினேன். தல்லாகுளத்தில் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். உன்னோடு பட்டாளத்தில் சேர்ந்து, உன்னோடு ஒரே விமானத்திலிருந்து குதித்து, திரும்பி வராமல் போன டேனியலின் அம்மா வீட்டுக்கு. போய், நீ இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, சொல்லாதே என்று நான் உன்னைத் தடுத்து வைத்திருந்ததை, அவளிடம் சொல்லிவிட்டேன்.

இதைப் போனில் சொல்லலாம் என்றால் டேனி பெயரை எடுத்ததுமே "சிக்னல் இல்லப்பா" என்று நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது, முன்னே பின்னே இருக்கும். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. கல்யாண மாப்பிள்ளைக்கு அப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். என் புத்திமதி என்ன செய்தது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது மூன்றாவதாக ஒருத்திக்கும் தெரியும்.

நீ நாலாவது படிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் என் பஸ்ஸில் ஏறிக்கொள்வாய். விளாங்குடியிலிருந்து பெரியார் நிலையம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்பாய். காளவாசலில் எந்த டிரைவர் வண்டியை முழுசாக நிறுத்தினான்? சிக்னலைப் பிடிக்கிற அவசரத்தில் உருட்டிக்கொண்டே போவார்கள், ஆம்பளை ஆட்கள் ஓட்டத்திலேயே இறங்குவார்கள். அப்படி இறங்கத் தெரியாதவனை மதுரையில் ஆள் என்றே மதிக்க மாட்டோம். உனக்கு அதை நான் சொல்லிக்கொடுத்தேன். முகம் வண்டி போகிற பக்கம் இருக்கணும், உடம்பு லேசாகப் பின்னால் சாயணும், வண்டியை ஒட்டியே காலை வைக்கணும், நாலு எட்டு கூடவே ஓடணும். முக்கியமாக, குதிக்கக் கூடாது. வெளியே எகிறிக் குதிக்கிறவன்தான் விழுந்து பல்லை உடைத்துக்கொள்வான். "நீ ஒண்ணும் செய்யாத, சும்மா விட்டுரு, பஸ்ஸு தானா உன்ன விட்டுட்டுப் போயிரும்" என்பேன். ரெண்டே வாரத்தில் கற்றுக்கொண்டாய். நீ தரையில் காலை வைத்து, ஓடி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாய். நான் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு, "எம் மகன்" என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்லுவேன். என்ன பெருமை!

டேனியை நீ சிநேகம் பிடித்தது தல்லாகுளம் பக்கத்து மைதானத்தில், பட்டாளத்து ஆள் எடுப்புக்காக விடியற்காலை ஓடிப் பழகிய நாட்களில். அவன் ஓட்டத்தில் உன்னைவிடக் கெட்டி. கயிறு ஏறுவதில் நீ கெட்டி. "மாப்ள, நீ எனக்குக் கயிறு சொல்லிக் குடு, நான் உனக்கு ஓட்டம் சொல்லித் தாரேன்" என்று அவன் சொன்னதாக நீதான் சொன்னாய். அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அம்மா எஸ்தர் அதே பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். படித்த வீட்டுப் பையன், வேறு வேலைக்குப் போயிருக்கலாம். என் அப்பன் அடுத்தவன் வயலில் கூலிக்கு நாற்று நட்டவன். எனக்குக் காக்கிச் சட்டை கிடைத்ததே பெரிசு. உனக்குப் பட்டாளத்துச் சட்டை என்றதும் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் ரெண்டு பேரும் பாராசூட் படைக்கு எழுதிக்கொடுத்துத் தேர்வானபோது, வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்குங்க, அது ஒரு தைரியம்" என்றார்.

வடக்கே பயிற்சிக்குப் போன பிறகு வாரம் ஒரு தடவை போனில் விளக்கிச் சொல்வாய். எனக்கு எல்லாமே புதுசு. பாராசூட் விரியாமல் போவதுதான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். நீ சிரித்தாய். "அது இல்லப்பா, வாசல்தான். வாசலை விட்டு எப்படி வெளிய வாரோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு" என்றாய். விமானத்துக்குள் தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடும், அதில் உன் முதுகுப் பையின் பட்டையை மாட்டியிருப்பார்கள், நீ வெளியே போனதும் அந்தப் பட்டைதான் பாராசூட்டை இழுத்து விரிக்கும். அந்த ரெண்டு மூன்று நொடி உன் உடம்பு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மிச்சம். பலமாக எம்பி, வாசலை விட்டுத் தள்ளி வெளியே குதிக்க வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்ட, கை ரெண்டும் முன்னால் இருக்கிற பையின் மேல், முழங்காலும் பாதமும் ஒட்டி, கட்டை மாதிரி. தயங்கினாலோ, காலைக் கீழே விட்டாலோ, காற்று உன்னைப் புரட்டி விமானத்தின் உடம்பிலேயே மோதவிடும். கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். விமானத்துக்கு ரெண்டு பக்கமும் வாசல், ரெண்டு வரிசையாக ஆட்கள் வெளியே போவார்கள். அவனவன் தன் பக்கமாகத் தள்ளிக் குதித்தால்தான் நடுவில் இடைவெளி இருக்கும். ஒருத்தன் நழுவி இறங்கினால் வாலுக்குக் கீழே நடுவில் போய்விடுவான், அந்தப் பக்கத்து வாசல்காரன் மேல் போய்ச் சிக்கிக்கொள்வான் என்றாய். இவ்வளவும் நீ எனக்குச் சொன்னாய் பாண்டி. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

முதல் குதிப்பு நல்லபடியாக முடிந்தது. என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாமல் போனதால் பயம் இல்லை என்றாய். ரெண்டாவது குதிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாய். குரல் சரியில்லை. "இப்பத்தான்ப்பா பயமா இருக்கு. வாசல்ல நிக்கிறத நெனச்சாலே காலு நடுங்குது. எம்பவே வராதுன்னு தோணுது" என்றாய். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பயிற்சி கொடுப்பவர்கள் சொல்கிறபடி செய் என்று சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தால் அவர்களிடமே சொல் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "அட இதுக்கா? காளவாசல்ல ஓடுற பஸ்ஸுல எறங்குறன்னு நெனச்சுக்க. குதிக்கணும்னு நெனச்சாத்தான் பயம். சும்மா காலை வச்சு விட்டுரு, அது தானாப் போயிரும்" என்றேன். நீ சிரித்துவிட்டாய். "சரிப்பா, இப்பத் தெம்பா இருக்கு" என்றாய். நானும் தெம்பாகப் போய்ச் சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்தபோது கணுக்கால் ரெண்டாக உடைந்து கட்டுப் போட்டிருந்தது. ரயிலில் வந்த அத்தனை நேரமும் நீ உயிரோடு இருக்கிறாய், நீ உயிரோடு இருக்கிறாய் என்றே சொல்லிக்கொண்டு வந்தேன். டேனிக்கு என்ன ஆயிற்று என்பது எனக்கு அப்போதே தெரியும், ஆனால் அதை நினைக்க மனசு இடம் கொடுக்கவில்லை. உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் நீ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். "நான் குதிக்கலப்பா. எறங்கிட்டேன். நீ சொன்ன மாதிரியே எறங்கிட்டேன். காத்து என்னைச் சுத்தி உள்ளுக்கு இழுத்துட்டுப் போச்சு. அவன் அந்தப் பக்கத்துல இருந்து சரியாத்தான் வந்தான். நான்தான் அவன் கயிறுக்குள்ள போனேன். என்னோடது விரிஞ்சிருச்சு, அவனோடது என் கயிறுல சுத்தி மூடிருச்சு. அவன் என்னையப் பாத்தான்ப்பா. 'மாப்ள'ன்னு கத்துனான்" என்றாய். முன்னால் கட்டியிருந்த ரெண்டாவது பாராசூட்டை அவன் இழுத்தானாம். அது விரிய உயரம் போதவில்லையாம்.

அப்போது நான் செய்ததுதான் ரெண்டாவது குற்றம். முதல் குற்றத்துக்காவது அறியாமை என்று பேர் வைக்கலாம். இது தெரிந்தே செய்தது. உன் வாயைப் பொத்தினேன், நிஜமாகவே கையை வைத்துப் பொத்தினேன். "இத வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?" என்றேன். இல்லை என்றாய். "சொல்லாத. நல்லாத்தான் குதிச்சேன்னு சொல்லு. போனவன் வரவா போறான்?" என்றேன். விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நீயும் அப்படியே சொன்னாய். ரெண்டு வாசலிலும் நின்ற அதிகாரிகள் ஒரு நொடியில் பார்த்தது, யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசியில் உயிரோடு இருந்தவன் சொன்னதே காகிதத்தில் ஏறியது. டேனியல் வாசலில் தயங்கினான், பலமில்லாமல் வெளியேறினான், அதனால் சிக்கினான் என்று எழுதி அவன் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஊர் திரும்பி, கொடி போர்த்திய பெட்டி வந்த அன்று, அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன். என் தோளில்தான் பெட்டியின் தலைமாடு இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நடந்துதான் போனேன்.

அதற்குப் பிறகு உன் கால் கூடியது. இனிக் குதிக்க முடியாது என்று உன்னைக் கீழே வைத்துக்கொண்டார்கள். இப்போது பயிற்சிக் கோபுரத்தில் கட்டியிருக்கிற பொய் வாசலில் புதுப் பையன்களை நிறுத்தி, எப்படி வெளியே போவது என்று நீயே சொல்லிக்கொடுக்கிறாய் என்று போன மாதம் சொன்னாய். அவர்களுக்கு என்ன சொல்கிறாய்? தயங்கி ஒருத்தன் செத்தான் என்று டேனி கதையைச் சொல்கிறாயா? அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் இல்லையா? பயந்தவன் செத்தான் என்று. பயந்தவன் இங்கே கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறான். நான் சொல்வதைக் கேள். கால் நடுங்குகிறவனை நீ கவனிப்பாய், எல்லோரும் கவனிப்பார்கள். சிரித்துக்கொண்டு, ஏதோ பழகின வேலை மாதிரி வாசலில் வந்து நிற்கிறானே, அவனைப் பார். அவனை முந்தின நாள் யார் தைரியப்படுத்தினது, என்ன சொல்லித் தைரியப்படுத்தினது என்று கேள். ஒவ்வொரு பையனுக்கும் ஊரில் என்னை மாதிரி ஒரு அப்பன் இருப்பான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். வாத்தியார் போன வருஷம் மாரடைப்பில் போன பிறகு எஸ்தர் தனியாகத்தான் இருக்கிறாள். அவர் அடக்கத்துக்குப் போனதோடு சரி, அந்தப் பக்கமே நான் தலைகாட்டவில்லை. கதவைத் திறந்து, "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுதா?" என்று சிரித்தாள். பத்திரிகையை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பொண்ணு என்ன படிச்சிருக்கு, எந்த ஊர் என்றெல்லாம் விசாரித்தாள். "டேனி இருந்தா மாப்பிள்ளைத் தோழனா நின்னு ஆட்டம் போட்டிருப்பான்" என்றாள். டீ கொடுத்தாள். நான் பாதி டம்ளரில் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும், தப்பா நெனக்காதீங்க" என்றாள். "பாண்டி எனக்குப் போன் பண்ணுறதே இல்ல. ஏன்னு எனக்குத் தெரியும். கேட்டா உண்மையச் சொல்ல வேண்டி வரும்னு பயப்படுறான். நானே சொல்லிர்றேன், அவன்கிட்ட நீங்க சொல்லுங்க, அவன் என்னையப் பாத்து ஒளிஞ்சுக்கிட்டுத் திரிய வேணாம்." அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "அந்த ரெண்டாவது தடவைக்கு மொத நாள் சாயங்காலம் டேனி போன் பண்ணுனான். நான் ஓன்னு அழுதுட்டேன்ணே. வேணாம்டா, உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துருடா, நீ குதிச்சா என்னைய உசுரோட பாக்க மாட்டன்னு அம்புட்டும் பேசிட்டேன். அவன் வாசல்ல நிக்கயில என் அழுகதான் அவன் காதுல கேட்டிருக்கும். அதான் காலு தயங்கிருச்சு. எம் பிள்ளைய நான்தான்ணே கொன்னேன்."

பாண்டி, ரெண்டு வருஷம். நம் ரெண்டு பேருக்கும் பதிலாக அவள் அதைச் சுமந்திருக்கிறாள். அந்தக் காகிதத்தை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து, தினம் எடுத்துப் படித்து, 'தயங்கினான்' என்ற இடத்தில் வந்து நின்றிருக்கிறாள். நான் ஒன்றும் நல்லவனாகி உண்மையைச் சொல்லவில்லை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாய் தானாகப் பேசியது. நான் உனக்குப் போனில் சொன்னது, நீ இறங்கினது, ஆஸ்பத்திரியில் உன் வாயைப் பொத்தினது, எல்லாவற்றையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

டம்ளரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அப்ப டேனி நல்லாக் குதிச்சானா?" என்றாள்.

"நல்லாக் குதிச்சான்மா. எப்பிடிக் குதிக்கணுமோ அப்பிடிக் குதிச்சான்" என்றேன்.

அவள் அதைத் தனக்குள்ளே ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது நான் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. நீ குதிக்கவில்லை, இறங்கினாய் என்று உன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடு. அந்தக் காகிதத்தைத் திருத்தச் சொல்லு. வேலை போகலாம். பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்தலாம். நிறுத்தினால் நிறுத்தட்டும், அந்தப் பெண்ணிடமும் நானே போய்ச் சொல்கிறேன். ஊருக்கு வந்தால் முதலில் நம் வீட்டுக்கு வராதே, நேரே தல்லாகுளம் போ. மன்னித்துக்கொள் என்று கேட்காதே, அதைக் கேட்கிற யோக்கியதை நமக்கு இல்லை. அவன் நன்றாகக் குதித்தான் என்று உன் வாயால் சொல். பார்த்தவன் நீ ஒருத்தன்தான். இதையெல்லாம் செய்தால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு செய்யாதே. இறங்காது. எனக்கு இறங்கவில்லை. ஏன் என்றால், நான் கிளம்பியபோது நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். எஸ்தர் வாசல்வரை வந்தாள். அழவில்லை. பத்திரிகை இன்னும் கையில்தான் இருந்தது.

"அந்தக் காகிதம் வந்த அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு அதைப் படிச்சிட்டு, 'உன் அழுகதான்டி எம் புள்ளையக் கொன்னுச்சு'ன்னாரு. அதுதான்ணே அவரு என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் ஒரு வருசம், ஒரே வீட்டுக்குள்ள, ஒரு வார்த்தை பேசல. சோத்தை வச்சா சாப்பிடுவாரு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில கெடக்கும்போது தண்ணி வேணும்னு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் டம்ளரோட பக்கத்துலதான் நிக்கிறேன்."

நான் இன்னொரு செருப்பையும் மாட்டினேன்.

"என்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி" என்றாள். "அவருகிட்ட யாருண்ணே போய்ச் சொல்லுவா?"